பத்தாவது நொடி

நாகர்கோவிலில் புகைப்படம் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா டீச்சருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் சிதம்பரதாணு. கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் இருபத்தைந்து வருடம் பெரியவர் என்றாலும் டீச்சர் என்றுதான் அழைப்பார்.

இரண்டு மாதமாக அவருக்கு ஒரே கேள்வி. அருவியைச் சட்டென்று எடுத்தால் துளிகள் கண்ணாடிச் சில்லு மாதிரி அந்தரத்தில் நிற்கின்றன. நிதானமாக எடுத்தால் பால் வழிகிறது. இதில் எது உண்மையான அருவி? கேமராவை எத்தனை நொடி திறந்து வைப்பது?

டீச்சர் பதில் சொன்னதே இல்லை. எடுத்துப் பாருங்கள் என்பார்.

அவரும் அறுபது படம்போல எடுத்தார். டீச்சர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

"இது எட்டடியா எண்பது அடியான்னு பாக்கவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ஒரு ஆள் வேணும்" என்றார்.

ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. காலையில் இருவரும் மலையடிவாரத்து அருவிக்குப் போனார்கள். ஆளாக அருவியடிப் பாறையில் டீச்சரே நிற்பதாக முடிவானது. மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டார். பகல் வெளிச்சத்தில் முப்பது நொடி திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள்.

"நான் அசையாம நிக்கேன். ஆனா அருவிக்கு முதுகு காட்டித்தான் நிக்கணும்" என்றார் டீச்சர். "மேல மழைன்னு சொல்லுதாங்க. தண்ணிய நீங்கதான் பாத்துக்கிடணும் அண்ணாச்சி."

சரி என்றார் சிதம்பரதாணு.

முதல் முறை காற்றில் முக்காலி ஆடியது. இரண்டாவது முறை டீச்சருக்குத் தும்மல் வந்துவிட்டது. மூன்றாவது முறை எல்லாம் கூடி வந்தது. மேகம் விலகாத வெளிச்சம். சாரல் அடங்கியிருந்தது. டீச்சர் சிலைபோல் நின்றார். சிதம்பரதாணு பொத்தானை அழுத்தினார். கேமராவின் திரையில் நொடிகள் ஓடின.

பத்தாவது நொடியில் நிமிர்ந்து பார்த்தார். அருவியின் உச்சியில் வெள்ளை பழுப்பாகியிருந்தது. கூடவே ஒரு காய்ந்த கிளை உருண்டு வந்தது.

அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். கண் திரைக்குப் போனது. பதினொன்று. கூப்பிட்டால் டீச்சர் அசைவார். இன்னொரு முறை இது அமையாது. கீழே வந்து சேர நேரம் எடுக்கும் என்று நினைத்தார். பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்காவது நொடியில், படிக்கட்டின் மேலிருந்து வனக்காவலர் விசில் ஊதினார்.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே கரைக்குத் தாவினார். முழங்கால் கல்லில் மோதியது. கைக்கு ஒரு வேர் கிடைத்தது. அவர் நின்ற பாறையின் மேல் பழுப்பு வெள்ளம் ஏறிப் போனது.

சிதம்பரதாணு ஓடிப்போய் அவரைத் தூக்கினார். பின்னால் முக்காலியின் மேல் கேமரா மீதி நொடிகளை எண்ணி முடித்தது.

காவலர் இருவரையும் நன்றாகத் திட்டினார். பிறகு டிக்கெட் கொட்டகையில் உட்காரவைத்து, முழங்காலில் கட்டப் பஞ்சும் துணியும் தந்தார். டீச்சர் படத்தைக் கேட்டார்.

சிதம்பரதாணு எடுத்ததிலேயே சிறந்த படம் அது. பழுப்பும் வெள்ளையும் இழை இழையாக இறங்கின. எண்பது அடி, எண்பது அடியாகத் தெரிந்தது. கீழே, பாதி நேரமே நின்ற ஒரு மஞ்சள் உருவம் புகைபோல் தெரிந்தது. அதன் ஊடாகப் பின்னாலிருந்த வெள்ளம் தெரிந்தது.

டீச்சர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"விசிலுக்கு முன்னாலயே பார்த்துட்டேன் டீச்சர்" என்றார் சிதம்பரதாணு. "பத்துலயே. நிறம் மாறினது தெரிஞ்சுது. நான் கூப்பிடல."

டீச்சர் துணியை இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். கேமராவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கேமராவுக்கு நான் பாதி தெரிஞ்சிருக்கேன்" என்றார். "அந்த நாலு நொடி, அண்ணாச்சிக்கு எவ்வளவு தெரிஞ்சேன்?"