கிணற்றுக்குக் காவல்

"நம்ம கிணத்தை எவனோ கெடுக்கிறான், அம்மா."

உமையாள் அம்மை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எவன்?"

"பூலாண்டிதான். வேற யாரு?"

"பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுப் பிடிக்கிறதுக்கு எதுக்குப் போலீஸ்? மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுரும்மா."

ஆதிமூலம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மனசு அடங்க மாட்டேன் என்கிறது என்று இந்த மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தை நடத்தும் அம்மை வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் காலில் விழுந்து சீடரானார்.

வந்து வருஷம் திரும்பியும் மனசு அடங்கியபாடில்லை. மடத்துக்கு யார் வந்தாலும் முதலில் செருப்பைப் பார்ப்பார். அப்புறம் பையைப் பார்ப்பார். முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்.

மடத்துக்கும் கீழே இருக்கிற சில வீடுகளுக்கும் குடிக்க அந்த ஒரு கிணறுதான். கொஞ்ச நாளாகத் தண்ணீரில் ஒரு வாடை. பிறகு வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. ஆடு மேய்க்கிற பூலாண்டியின் சின்ன மகள் கண் சொருகி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கிடந்தாள்.

"அவன் பிள்ளையே படுத்துக் கிடக்கே, ஐயா."

"அதுதாம்மா தந்திரம். தன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னா, முதல்ல தன் வீட்டைத்தான் காட்டுவான்."

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. காவல் இருங்க."

அன்றே அம்மை கீழ்வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார். கிணற்றுத் தண்ணீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, தொலைவில் இருக்கும் ஓடை ஊற்றுக்கு வெயிலில் நடந்தார்கள். ஆதிமூலத்துக்கு டவுனிலிருந்து கேன் தண்ணீர் வந்தது.

கிணற்றைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் பூலாண்டி ஆடுகளோடு அந்தப் பக்கம் வந்தான்.

"நில்லு. தூக்குவாளியில என்ன?"

"கஞ்சி சார்."

"குடிச்சுக் காட்டு."

பூலாண்டி அவரையே பார்த்துக்கொண்டு குடித்தான். வாயைத் துடைத்தான். ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. வராமல் இருந்தது ஆதிமூலத்தின் சந்தேகத்தை இன்னும் கிளறியது. குற்றமில்லாதவன் எதுக்கு ஒதுங்கிப் போறான்?

காவல் வேலை அழுக்கு வேலை. புழுதி, ஆட்டுப் புழுக்கை, கண்டவர்கள் நடமாட்டம். உச்சிக்கு ஒரு குளியல், அந்திக்கு ஒரு குளியல், இடையில் யாராவது மேலே உரசிவிட்டால் அதற்கொன்று என்று ஆதிமூலம் குளித்தார். கிணற்றுக்குப் பின்னால், மேட்டில், குளியலறையும் கக்கூசும் அவரே கட்டியவை. மடத்துக்கு அவர் கொடுத்த காணிக்கை. இடம் பார்த்ததும் அவர்தான். மேட்டில் நல்ல காற்று வரும் என்றார். கழிவு போகிற குழியும் பக்கத்திலேயே தோண்டியாகிவிட்டது. கிணற்று மோட்டாரைப் போட்டால் தொட்டி நிறையும். குழாயைத் திறந்துவிட்டு, ஜபம் முடிகிறவரை அதன் அடியில் நிற்பார்.

அம்மைக்குக் குளிக்க ஒரு வாளி. அதிலும் மிஞ்சியது கத்தரிச் செடிக்கு.

"குழாயை மூடிட்டு ஜபிக்கலாமே, ஐயா."

"தண்ணி ஓடினாத்தானேம்மா அழுக்கு போகும்."

"எங்க போகும்?"

அதை ஒரு கேள்வியாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆள் நெருங்கவில்லை, ஆடு நெருங்கவில்லை. வாடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஆதிமூலம் சமையல்காரரைச் சந்தேகப்பட்டார். பூக்காரியைச் சந்தேகப்பட்டார். தபால்காரர் சைக்கிளை ஏன் வேலியோரம் நிறுத்துகிறார் என்று யோசித்தார். ஒருவரும் சிக்கவில்லை.

ஒரு காலையில், அம்மை தலையில் ஒரு மூட்டையோடு மேட்டில் ஏறுவதைப் பார்த்தார். அம்மை குளியலறைக்குப் பின்னால் போய் மறைந்தார். திரும்பும்போது சாக்கு மடித்துக் கக்கத்தில் இருந்தது.

மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள் ஆதிமூலம் முந்திக்கொண்டு போய்ப் புதருக்குள் உட்கார்ந்தார். அம்மை வந்தார். குழியின் மூடியை நகர்த்தினார். மூட்டையை அவிழ்த்து, வெள்ளையாக எதையோ கொட்டினார். அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

ஆதிமூலம் எத்தனையோ திருடர்களைப் பிடித்திருக்கிறார். தான் காலில் விழுந்து கும்பிட்ட ஒருவரைப் பிடித்ததில்லை.

இவங்களா?

எதற்காக என்று அவருக்கு விளங்கவில்லை. அவசரப்பட்டால் தடயம் போய்விடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு, அம்மை போகிற இடமெல்லாம் பார்வையாலேயே பின்தொடர்ந்தார். அம்மை பரிமாறிய சோற்றைத் தொடவில்லை. வாழைப்பழமும் கேன் தண்ணீருமாக நாட்களை ஓட்டினார்.

பிறகு ஒரு நாள் குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை.

தேய்த்தார். நுரைக்கவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. விஷம் என்ற நினைப்பு வந்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடி வந்தார்.

"குழியில என்னம்மா கொட்டுனீங்க?"

பழைய ஸ்டேஷன் குரல் அது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

அம்மை ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் கிணத்துக்குக் காவல். நான் கிணத்துக்குப் பக்கத்துல வந்தேனா?"

"வரல."

"முள்ளைத் தாண்டினேனா?"

"இல்ல. குழியில கொட்டுனீங்க. என் கண்ணால பார்த்தேன்."

"குழியில கொட்டினா கிணத்துக்கு என்ன, ஐயா?"

ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

குழி வேறு, கிணறு வேறு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கட்டிய நாளில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். இப்போது அந்த வார்த்தை வெளியே வரவில்லை. உடம்பில் அந்தப் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது.

அம்மை வெளியே போய், முள்ளை விலக்கி, ஒரு வாளி இறைத்தார். செம்பில் எடுத்து வந்து நீட்டினார்.

"குடிக்க வேண்டாம். நாக்குல மட்டும் வச்சுப் பாருங்க."

அவர் வாங்கவில்லை. அம்மை விரலை நனைத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

ஆதிமூலம் விரலை நனைத்தார். நாக்கில் வைத்தார்.

கரித்தது.

"உப்பு," என்றார்.

"கல்லுப்புதான். சந்தையில வாங்கினது."

மேட்டிலிருந்த குழியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்து வடிந்த தண்ணீர் காலடியில் தேங்கியது.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, ஐயா."

"யார் மேல?"

"குழி மேல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"யார் சொல்லி நீங்க எதை நம்பியிருக்கீங்க?"

அம்மை செம்பை வாங்கிக் கழுவினார். ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆதிமூலம் வேட்டி மாற்றினார். குளியலறைக் கதவை இழுத்துப் பூட்டினார். தொட்டிக்கு ஏறும் மோட்டாரின் வயரைப் பிடுங்கினார். பிறகு கீழே இறங்கி நடந்தார்.

பூலாண்டி ஆட்டுப்பட்டியில் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சின்ன மகள் ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பூலாண்டி எழுந்து, பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் ஒண்ணும் பண்ணல, சார்."

"தெரியும்."

பூலாண்டி அதை நம்பியதாகத் தெரியவில்லை.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

ஆதிமூலம் சாணி மிதித்த செருப்போடு நின்றார். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"மம்மட்டி இருக்கா, பூலாண்டி?"

"எதுக்கு?"

"நான் ஒரு குழி வெட்டினேன். அதைத் தூர்க்கணும்."

பூலாண்டி அவர் செருப்பைப் பார்த்தான். வெறும் கைகளைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

உள்ளே போய் மம்மட்டியை எடுத்து வந்தான். அவர் கையை நீட்டினார்.

அவன் கொடுக்கவில்லை. தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"நீங்க முன்னால போங்க, சார்."