கொம்பன் தலையாட்டிய பாட்டு

மூங்கில் காட்டுக் குளத்தில் பொட்டு என்றொரு இளந்தவளை இருந்தது. சில நாளாக அதற்குக் கோபம் கோபமாக வந்தது. கொம்பன் யானை குளிக்க இறங்கும்போது குளக்கரையை மிதித்து உடைத்துவிட்டது. நாளுக்கு நாள் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் சேற்றோரம் மூச்சுக்குத் தவித்தன. எல்லாம் பொட்டுவின் தம்பி தங்கைகள்.

"இதைப் பாட்டாவே பாடிக் கேட்போம்!" என்றது பொட்டு.

கிழத்தவளைகள் பதறின. "தவளைன்னா மழையைத்தான் பாடணும்! யானையையா பாடறது? நுணலும் தன் வாயால் கெடும்னு தெரியாதா?"

பொட்டு கேட்குமா? தோழர்களைச் சேர்த்தது. ஒன்று நத்தை ஓட்டைத் தட்டியது. இன்னொன்று தாமரை இலையில் குதித்துக் குதித்துத் தாளம் போட்டது.

"கொம்பன் வெச்ச காலு! எங்க
கரை உடைஞ்சு போச்சு!
தண்ணியெல்லாம் ஓடிப்போனா
தம்பிக்கு ஏது மூச்சு?"

கொம்பன் வந்தது. கேட்டது. காதை விசிறிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டது!

"அடடா, என் பேருகூட வருதே! இன்னொரு தடவை பாடுங்க, பிள்ளைகளா!"

மயில் தோகை விரித்தது. குரங்கு கைதட்டியது. எட்டு நாள் இதே கூத்து. கொம்பன் ஆடிய ஆட்டத்தில் கரை இன்னும் இரண்டு இடத்தில் சரிந்ததுதான் மிச்சம்.

பொட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது. காடே அந்தப் பாட்டை முணுமுணுக்கிறது, ஒருவருக்கும் உறைக்கவில்லையே!

ஒன்பதாம் நாள் கொம்பன் ஆவலோடு வந்து நின்றது. குளம் கப்சிப்.

"ஏன் பாடலை?"

"தொண்டை காய்ஞ்சு போச்சுங்க ஐயா. நனைக்கத் தண்ணி இல்லை."

"அடப்பாவமே! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எட்டு நாளா அதைத்தானே ஐயா பாடினோம்!" என்றது பொட்டு.

கொம்பன் பாட்டை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. குனிந்து தன் காலைப் பார்த்தது. காது இரண்டும் தொங்கிப்போயின.

உடனே கொம்பன் பாறைகளை உருட்டிவந்து உடைப்பை அடைத்தது. மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தது. பக்கத்து ஓடைக்கும் குளத்துக்குமாக நடந்து, துதிக்கை துதிக்கையாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. துவண்டு கிடந்த தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வாலை ஆட்டின. பொட்டுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இளசுகளின் பாட்டுக்குத் தலையாட்டினால் மட்டும் போதாது. என்ன சொல்லிப் பாடுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும்.