துடுப்பி கடந்த ஆறு

காட்டாற்றின் மடுவில் ஒரு நீர்நாய்க் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் துடுப்பி என்ற இளம் பெண் நீர்நாய்க்கு மட்டும் தண்ணீரென்றால் பயம்!

பிறவியிலேயே வந்த பயமா அது? இல்லை. மனிதர்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவார்கள் அல்லவா? அதுபோல நீர்நாய்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. குட்டியின் கழுத்தைக் கவ்விப் பாறைமேலிருந்து மடுவில் வீசும் உரிமை தாய்மாமனுக்கு. முறுக்குமீசை மாமா துடுப்பியை அப்படித்தான் வீசினார். அவள் மூழ்கினாள். காது அடைத்தது, கண் இருண்டது. அம்மா இழுத்துப் போட்டபோது பாதி உயிர்தான் மிச்சம். அன்றிலிருந்து கரையோரத்து நண்டுகளைத் தின்றே வளர்ந்தாள்.

அந்தக் கோடையில், நடு ஆறு ஓடிக்கொண்டிருந்தாலும், கரையோர மடு வற்றத் தொடங்கியது. அக்கரையில் கோடையிலும் வற்றாத ஆழமான நீர்க்கசம் ஒன்று இருந்தது. அதிலிருந்து பத்தாம் நாள் எல்லோரும் ஆற்றைக் கடந்து அங்கே போவது என்று முடிவாயிற்று. நீந்தாதவர்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான், நரிகளோடு.

"கவலையை விடு மருமகளே! மறுபடி ஒரு தள்ளு தள்ளினா பயம் பறந்துடும்!" என்றார் மாமா.

"தள்ளினதாலதானே மாமா பயம் வந்துச்சு? அதே தள்ளு எப்படி அதை விரட்டும்?"

"எதிர்த்துப் பேசாதே! இது தாய்மாமன் உரிமை!"

"உரிமை உங்களுக்கு, தண்ணி குடிக்கிறது நானா? அந்த உரிமையை ஒரு தடவை செஞ்சு முடிச்சாச்சு. ரெண்டாம் தடவைன்னு எந்தச் சடங்குல இருக்கு? சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. மாமாவுக்கு மீசை துடித்தது. "சரி, பத்தாம் நாள் பார்ப்போம்! அன்னிக்கு நீயா இறங்கலேன்னா என் பல்லுக்கு வேலை!"

மறுநாள் துடுப்பி தண்ணீரில் ஒரு பாதத்தை வைத்தாள். அடியில் கூழாங்கல் ஒன்று நழுவியது. அலறிக்கொண்டு கரையேறினாள்.

கிளையிலிருந்த மீன்கொத்தி விழுந்து விழுந்து சிரித்தது. "நீர்நாயாம்! பேருல மட்டும்தான் நீர் இருக்கு!"

"இன்னிக்கு ஒரு பாதம் வச்சேன். நேத்து அதுவும் இல்லே. நாளைக்கு வந்து பாரு!"

மறுநாளும் வந்து பார்த்தது. முழங்கால் வரை. அதற்கடுத்து வயிறு வரை. ஆறாம் நாள் நடுங்கிப்போய்த் திரும்பிவிட்டாள், அன்று அழுகைதான். ஏழாம் நாள் முகத்தை முக்கினாள். பழைய இருட்டு காதுக்குள் இரைந்தது. மூன்று எண்ணி எழுந்தாள். மீண்டும் முக்கி, ஐந்து எண்ணினாள். ஒன்பதாம் நாள் தரையிலிருந்து கால்களை எடுத்துவிட்டு மிதந்தாள். மீன்கொத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாம் நாள் கூட்டம் ஒவ்வொன்றாக ஆற்றில் குதித்தது. துடுப்பி கரையில் நின்றாள். பின்னால் மணல் நெறுநெறுத்தது.

"மாமா! அங்கேயே நில்லுங்க!" திரும்பாமலே சொன்னாள். "நான் இறங்கினப்புறம் நீங்க வாங்க!"

இறங்கினாள். நடு ஆற்றில் தரை போயிற்று. நெஞ்சுக்குள் பயம் எழுந்து நின்றது.

"நீயும் வா!" என்றாள் அதனிடம். "ஆனா நான் போற பக்கம்தான் நீயும் வரணும்!"

வாலை வீசினாள். ஆறு அவளைத் தாங்கிக்கொண்டது. அக்கரை ஏறியபோது வாயில் ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்தது மீன்கொத்தி. "எனக்கு ஒரு துண்டு கிடைக்குமா?"

வந்த வேகத்தில் மாமா அடுத்த வேலையைத் தொடங்கினார். தன் கடைசித் தங்கை வாயில் தூக்கிக் கடந்துவந்த புதுக்குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறினார். துடுப்பி மீனைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றாள்.

"வழியை விடு! இது என் உரிமை!" பல்லிடுக்கில் குட்டியோடு உறுமினார் மாமா.

"யாரு இல்லேன்னது? உரிமை உங்களுக்குத்தான். தண்ணிக்குள்ள நீங்க நில்லுங்க. குட்டி தானா இறங்கி உங்ககிட்ட வரட்டும். பத்து நாள் ஆனாலும் ஆகட்டுமே!"

மாமா துடுப்பியைப் பார்த்தார். அவள் உடம்பிலிருந்து இன்னும் ஆறு சொட்டிக்கொண்டிருந்தது. மெல்லக் குட்டியைக் கீழே வைத்தார். தண்ணீருக்குள் போய் நின்று, "வாடா ராஜா!" என்றார்.

குட்டி ஒரு பாதத்தை வைத்தது.

பிறர் தள்ளிவிட்டதால் வந்த பயம், நாமே துணிந்து எடுத்துவைக்கும் அடியால்தான் தீரும்.