பீரான்குட்டியின் வீடு

சிவனணைந்தான் எண்ணெய்க் கப்பலில் பம்ப் ஓட்டியவர். வளைகுடாவில் போர் நடந்தபோது அவருடைய கப்பல்மேல் ஏவுகணை விழுந்தது. கப்பல் எரிந்து மூழ்கியது. அவர் பிழைத்து வந்தார். பல வருடம் கழித்துத் தென்காசிக்கு அருகே ஓர் ஆசிரமத்தில் சேர்ந்தார். குரு அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

ஒன்பது வருடமாக அவர் குருவிடம் கேட்டது ஒரே கேள்வி.

“கடல்மேல எண்ணெய் பரவி எரிஞ்சுக்கிட்டு வந்துது, சாமி. படகுல பதினெட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தர் நீந்தி வந்துக்கிட்டிருந்தார். ‘துடுப்பை நிறுத்தாதே’ன்னு அதிகாரி கத்தினார். நான் நிறுத்தலை. செஞ்சது பாவமா?”

குரு ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வார். பதில் சொன்னதில்லை.

ஒரு காலை இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதே கேள்வி வந்தது. குரு கையை நிறுத்தினார்.

“நீந்தி வந்தவர் யாரு?”

“கப்பல் சமையல்காரர். பீரான்குட்டின்னு பேரு. கேரளாவுல பொன்னானிக்காரர். வெள்ளிக்கிழமை நான் மீன் தொட மாட்டேன்னு எனக்கு மட்டும் தனியா ஒரு குழம்பு வைப்பார்.”

“வீட்ல யாரு?”

“சம்சாரம் இருந்தாங்க. வேற தெரியாது.”

“அவர் இறந்ததை அவங்களுக்கு யார் சொன்னது?”

“உடம்பு கிடைக்கலை. கம்பெனி ‘காணவில்லை’ன்னுதான் எழுதியிருக்கும்.”

“இறந்ததைப் பார்த்தது?”

சிவனணைந்தான் கீரையைக் கீழே வைத்தார்.

“துடுப்பு போடுறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உக்காரணும். மத்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் பார்த்தேன்.”

குரு கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

“ஒன்பது வருஷமா உங்களைப் பத்தியே பேசிக்கிட்டிருந்திருக்கோம்,” என்றார். “முதல் நாளே நான் இதைக் கேட்டிருக்கணும்.”

“இத்தனை காலம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம், சாமி?”

“தெரியலை.”

மறுநாள் சிவனணைந்தான் பொன்னானிக்குப் பஸ் ஏறினார். ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். குரு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. அவர் இருக்காரா இல்லையான்னே தெரியாம இருந்துட்டேன்னு சொன்னாங்க.”

“சொன்னீங்களா?”

“எல்லாம் சொன்னேன். துடுப்பு என் கையில இருந்ததையும் சொன்னேன். அழாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. கடைசியில அவர் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரான்னு.”

சிவனணைந்தான் குடிக்காமலே செம்பைத் தரையில் வைத்தார்.

“‘உங்களைத்தான்’னு அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. ஆனா அவர் கூப்பிட்டது என் பேரை, சாமி. ரெண்டு தடவை. உங்ககிட்டகூட நான் இதைச் சொன்னதில்லை. அவங்ககிட்டச் சொல்லிட்டேன். அப்பதான் அழுதாங்க.”

செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

“அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கணுமோ?”

“அவர் கூப்பிட்டது உங்களைத்தானே,” என்றார் குரு. “இப்பத்தான் போயிருக்கீங்க.”