எங்கே போகப் போகிறாள்?

குருவுக்கு வயது இருபத்து மூன்று. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

பாளையங்கோட்டையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முதலில் சிரித்தவர் சீடர் சங்கரபாண்டியனேதான். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பொழுது போகாமல், சதுரங்கம் சொல்லித்தரும் ஒரு வீட்டுக்குக் கற்றுக்கொள்ளப் போனார். சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணைப் பார்த்து, "டீச்சர் இல்லையாம்மா?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் அவருடைய ராஜாவுக்கு ஓட இடமில்லை. அன்றிலிருந்து ஜெசிந்தாவை அவர் 'குருவே' என்றுதான் கூப்பிடுகிறார். வேடிக்கையாக ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் நிஜமாகிவிட்டது.

அந்தக் குருவுக்கு மோட்டார் வைத்த நாற்காலி வாங்க, சீடர் ஊரில் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். இப்போது இருப்பதை யாராவது தள்ள வேண்டும். ஜெசிந்தாவின் கைகளுக்குக் காய் நகர்த்தும் பலம் உண்டு, சக்கரம் உருட்டும் பலம் இல்லை. வேலைக்குப் போன அம்மா திரும்பி வந்தால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும்.

முக்கால்வாசி சேர்ந்துவிட்டது. மீதியைத் தானே தருவதாக ஒரு பாத்திரக்கடை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். சந்தோஷமாகப் போன சீடர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் சோர்ந்து வாரிய?"

"ஒரு கேள்வி கேட்டுட்டாரு குருவே. எனக்குப் பதில் வரல."

"என்ன கேட்டாரு?"

"'தள்ளுததுக்கு அம்மா இருக்கா. மோட்டாரு எதுக்கு? அப்படி எங்கதான் போவப் போறா?'ன்னாரு. ஆஸ்பத்திரின்னேன். அதுக்கு ஆட்டோ இருக்கேன்னாரு. சர்ச்சுக்குன்னேன். அது பக்கத்துலதானன்னாரு. நாளைக்குப் பதிலோட வாங்கன்னு அனுப்பிட்டாரு."

வேலை பார்த்த காலமெல்லாம் ஊராருடைய மனுக்களைக் காரணம் போதாது என்று திருப்பி அனுப்பிய மனிதர். இன்று தன் மனுவே திரும்பி வந்ததில் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது.

ஜெசிந்தா பலகையை ஓரமாக நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளுதியளா? வெளிய போயிட்டு வருவோம்."

தள்ளினார். தெருமுனை வந்தது.

"எந்தப் பக்கம் குருவே?"

"இடது பக்கம். வளையல் கடை."

கடைக்குச் சற்று முன்னால், "வேண்டாம், திருப்புங்க" என்றாள்.

"ஏன்?"

"மனசு மாறிட்டு. அந்தச் சுவரு பக்கம் போவோம்."

"அங்க என்ன இருக்கு?"

"பூனை."

பூனையைப் பார்த்தார்கள். பூனையும் பார்த்தது. பிறகு டீக்கடைக்குப் போகச் சொன்னாள். டீ வேண்டாமாம், சும்மாதானாம். அங்கிருந்து மறுபடியும் வளையல் கடை. பாதி வழியில் மறுபடியும் பூனை.

சித்திரை வெயில். சீடருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குருவின் மேல் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"ஒரு இடமாச் சொல்லுங்க குருவே! உங்களுக்கு எங்கதான் போவணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. முதலாளி கேட்ட அதே கேள்வி. சீடர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா கோபித்துக்கொள்ளவில்லை.

"நேத்து காலையில நடக்கப் போனியளே, எங்க போனிய?"

"அப்படியே... பாலம் வரைக்கும். அங்க ஒரு ஆளைப் பார்த்துப் பேசிட்டு நின்னேன். பிறகு எங்கெங்கேயோ சுத்திட்டு வந்தேன்."

"எதுக்குன்னு யாரும் கேட்டாங்களா?"

"என்னை யாரு கேப்பா?"

"எங்க அம்மா கேக்காத நாள் கிடையாது. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, அவளுக்கு முதுகு வலி. அதனால காரணம் உள்ள இடத்துக்கு மட்டும்தான் நான் போறது. வளையலுக்குக் காரணம் சொல்லிரலாம். பூனைக்கு என்ன சொல்ல?"

சீடர் நாற்காலியைத் தள்ளிப் புங்கமரத்து நிழலில் நிறுத்தினார்.

"நாளைக்கு ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லிருதேன் குருவே. தினமும் லைப்ரரிக்குப் போவா, பரீட்சைக்குப் படிக்கான்னு சொன்னா, மறுபேச்சு இல்லாம எடுத்துக் குடுத்துருவாரு. பொய்தான். ஆனா நாற்காலி வந்துருமே."

"வந்துரும். வந்த பிறகு, அவரு பார்க்கும்படியா தினமும் லைப்ரரிக்குப் போவணும்."

சீடர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப அவருகிட்ட நான் என்னதான் சொல்ல?"

"'அவ எங்க போவான்னு எனக்குத் தெரியாது மொதலாளி. இனிமே யாருக்கும் தெரிய வேண்டாம், அதுக்குத்தான் பணம் கேக்கேன்'னு சொல்லுங்க."