உப்பளத் தெருவில் ஒரு கசிவு

கடலோர நகரம் ஒன்றின் மாநகராட்சி அலுவலகத்தில், கணினிக்குள் இன்னொரு நகரம் இருந்தது. நிஜ நகரத்தின் குழாய்கள், மின்கம்பங்கள், பேருந்துகள் எல்லாம் அதிலும் இருந்தன. எதைச் செய்வதானாலும் முதலில் அதில் செய்து பார்ப்பார்கள். அதை இரட்டை என்று அழைத்தார்கள்.

அதை உருவாக்கியவர் ஹாஜரா. அதன் நுணுக்கங்களை அவரிடம் கற்றவர் குடிநீர்ப் பொறியாளர் சவரிமுத்து. அவர் ஹாஜராவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கணவர் இறந்த பிறகு ஹாஜரா வேலையை விட்டார். மகளோடு துபாய் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு இரட்டையைச் சவரிமுத்து ஒருவரே பார்த்துக்கொண்டார். முன்பெல்லாம் புகார் சொல்ல ஆட்கள் வருவார்கள், சண்டை போடுவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது குழாய் உடைந்தால் அவர்களுக்கு முன்பே இரட்டைக்குத் தெரிந்துவிடும். அறைக்கு யாரும் வருவதில்லை.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. மழை வரும்வரை தண்ணீர் தாக்குப்பிடிக்க என்ன வழி என்று சவரிமுத்து இரட்டையில் தேடினார். உப்பளத் தெருவின் குழாயை மூடிவிடலாம் என்றது அது. நிலத்தடி நீர் உப்பாகிப் போனதால் மக்கள் காலி செய்த தெரு அது. குடியிருப்போர் இல்லை என்று காட்டியது. கடைசி வீட்டில் மட்டும் காலையில் கொஞ்சம் தண்ணீர் போனது. அதைக் கசிவு என்று குறித்திருந்தது.

அந்த இணைப்பை அடைக்க ஆள் இல்லாததால் சவரிமுத்துவே போனார்.

பூட்டிய வீடுகளைக் கடந்து கடைசி வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஹாஜரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டீச்சர்?"

"வாங்க, சவரிமுத்து. உட்காருங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"துபாய்லதானே இருக்கீங்க?"

"போனேன். பிடிக்கல. எங்கம்மா வீட்டுக்கே வந்துட்டேன்."

"எப்ப?"

"போன மழைக்கு முன்னாடி."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"நீங்களும் பண்ணல."

சவரிமுத்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் கசிவு என்று இரட்டை காட்டியதையும், அதை அடைக்க வந்ததையும் சொன்னார்.

ஹாஜரா எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினார்.

"இதுதான் உங்க கசிவு. வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

அவர் குடித்தார்.

"இரட்டை நீங்க கட்டினதுதானே, டீச்சர். உங்களையே அதுக்கு ஏன் தெரியல?"

"ஒரு குடம் தண்ணி, ஒரு நேரச் சமையல். சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்துடுவேன், விளக்குப் போடறதில்ல. அதுல ஒரு ஆள் இருக்கான்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"நான் குழாயை மூடல. வேற வழி பார்க்கறேன்."

"வேற வழி கிடையாது. ஏரியில தண்ணி இல்லங்கறது நிஜம். என் ஒருத்திக்காக இவ்வளவு தூரம் குழாய்ல தண்ணி ஓட்டினா பாதி வழியிலேயே வீணாப் போயிடும். மூடுங்க. லாரியில அனுப்புங்க."

"சரி."

"தெருமுனையில நின்னு ஹாரன் அடிச்சுட்டுப் போகச் சொல்லாதீங்க. கதவைத் தட்டச் சொல்லுங்க."

சவரிமுத்து தலையாட்டினார். வெளியே காற்றில் ஏதோ ஒரு வீட்டு ஜன்னல் அடித்துக்கொண்டது. அதை மூட அந்த வீட்டில் ஆள் இல்லை.

அவர் பையிலிருந்து அலுவலக டேப்லெட்டை எடுத்தார். உப்பளத் தெருவின் கடைசி வீட்டைத் தேடி, கசிவு என்ற குறிப்பை அழித்தார். ஒருவர் வசிக்கிறார் என்று பதிந்தார். பெயரையும் சேர்த்தார். திரையில் அந்த வீடு பச்சையானது.

அதை அவரிடம் காட்டினார்.

"சரியா இருக்கா, டீச்சர்?"

ஹாஜரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரியா இருக்கு."

"இது போதுமா?"

ஹாஜரா கீரையைக் கையில் எடுத்தார்.

"இரட்டைக்கு இது போதும், சவரிமுத்து."