மருத மரத்துக்குப் போட்ட கட்டு

“அப்பா, எனக்கு மூச்சு முட்டுது. ஒரு மாசத்துக்குப் போன் பண்ணாதீங்க.”

சொல்லிட்டு கோமு போனை வச்சுட்டா!

பிரம்மநாயகத்துக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. அறுபத்தொரு வயசு. ஒரே மக. ஓசூருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம்தான் ஆகுது. அப்படி என்ன பண்ணிட்டாரு? ஒரு நாளைக்கு ஒம்பது தடவை கூப்பிட்டாரு. அவ்வளவுதான்.

ஆத்தைத் தாண்டி அக்கரைக்கு ஓடினாரு, வைத்தியர் ஆவுடைத்தாய்கிட்ட. அந்தம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசுதான். ஆனா இவருக்கு குரு! மக போன பிறகு மனசு அடங்கணும்னு அவங்ககிட்ட சிஷ்யரா சேர்ந்தாரு. அவங்க கொடுத்தது ஒரே ஒரு வேலை. இக்கரைப் படித்துறையில இருக்கிற மருத மரத்தைப் பார்த்துக்கணும்.

“அம்மா, கோமு போன் பண்ணாதீங்கன்னுட்டா.”

“நெஞ்சு அடிக்குதா?”

“குதிக்குதும்மா.”

“மருதம்பட்டைக் கஷாயம் போட்டுத் தாரேன். மரத்தடியில விழுந்து கிடக்கும். ரெண்டு துண்டு பொறுக்கிட்டு வாங்க.”

பிரம்மநாயகம் நகரல.

“விழுந்திருக்காதும்மா.”

“சித்திரை மாசம். விழாம என்ன செய்யும்?”

“நான் விழ விடலையே!”

அவ்வளவு சோகத்துலயும் முகத்துல ஒரு பெருமை.

ஆவுடைத்தாய் அரிவாளை எடுத்துக்கிட்டு அவர் கூடவே கிளம்பிட்டாங்க.

குளிச்சுட்டு வர்றவங்க தலை துவட்டுறது அந்த மரத்து நிழல்லதான். மினிபஸ்ஸுக்கு நிக்கிறதும் அங்கதான். இப்ப அதுக்கு அடியிலருந்து ஆள் உயரம் வரைக்கும் தேங்காய் நார்க் கயிறு! சுத்தோ சுத்துன்னு சுத்தியிருக்கு.

துவைச்சுட்டிருந்த சொர்ணம் நிமிர்ந்தா.

“வாங்க வைத்தியரம்மா! மரத்துக்கு எலும்பு முறிஞ்சிருச்சு. அண்ணாச்சிதான் கட்டுப் போட்டாரு. நாங்க தினமும் நலம் விசாரிச்சுட்டுத்தான் குளிக்கோம்.”

ஆவுடைத்தாய் சிரிக்கல.

“எதுக்கு அண்ணாச்சி கட்டுனீங்க?”

“போன சித்திரையில தகடு தகடாக் கழண்டு விழுந்துச்சும்மா. நீங்க பார்த்துக்கச் சொன்ன மரம். பயந்துட்டேன்.”

“கட்டுனப்ப இடையில விரல் போச்சா?”

“ரெண்டு விரல் தாராளமாப் போச்சு.”

“இப்ப விடுங்க.”

விட்டாரு. நகம்கூட நுழையல.

“மழையில கயிறு இறுகிருக்கும்மா.”

ஆவுடைத்தாய் அவரையே பார்த்துட்டு நின்னாங்க.

பிரம்மநாயகம் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாரு. கீழே கயித்தைப் பார்த்தாரு. கயிறு பதிஞ்ச இடத்துல மரம் பிதுங்கிக்கிட்டு நின்னுச்சு.

“வளர்ந்துட்டுதோ?”

அந்தம்மா அரிவாளை நீட்டினாங்க.

பிரம்மநாயகம் வாங்கிக்கிட்டாரு. மேல் சுத்தை அறுத்தாரு. ரெண்டாவது. மூணாவது. சடசடன்னு பட்டை விழுந்துச்சு, ஒவ்வொண்ணும் முறம் அகலத்துக்கு! அவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு.

“அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க” சொர்ணம்தான் சொன்னா. இப்ப அவ கிண்டல் பண்ணல.

தொட்டாரு. பட்டை போன இடம் வெளிர் பச்சையா, வழவழன்னு இருந்துச்சு.

“குளுகுளுன்னு இருக்கும்மா!”

கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்ல. அப்புறம் அரிவாளைக் கீழே வச்சாரு. வேட்டியில கையைத் துடைச்சாரு. சட்டைப் பையிலருந்து போனை எடுத்தாரு.

“அம்மா, ஒரே ஒரு தடவை. இனிமே கூப்பிட மாட்டேன்னு அவகிட்ட சொல்லிரட்டுமா?”

ஆவுடைத்தாய் குனிஞ்சு அரிவாளை எடுத்து, திரும்ப அவர் கையில வச்சாங்க.

“கீழே இன்னும் ஏழு சுத்து இருக்கு, அண்ணாச்சி.”